விண்ணப்பத்தில் 'சேவை' என்று ஏழு முறை எழுதியிருந்தேன்

போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்கு எழுதிப்போடப் போகிறோம், விண்ணப்பத்தில் என்ன எழுதுவது, இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னதில் ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்கு விட்டுப்போனது, அதனால் இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன். இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கடைசி நான்கு வருடமாக ஆளெடுக்கும் குழுவிலும் உட்காருகிறேன். ஆனால் முதல் தடவை விண்ணப்பித்தபோது என்னை எடுக்கவில்லை, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த முதல் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம். அதில் 'சேவை' என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது, 'கருணை' மூன்று இடத்தில், 'இயலாதவர்களின் கண்ணீரைத் துடைக்க' என்று ஒரு வரி. எழுதும்போது ஒவ்வொரு சொல்லும் உண்மையாகத்தான் எழுதினேன். இப்படிப்பட்ட இடத்துக்கு இப்படித்தான் எழுத வேண்டும் என்று நம்பினேன். பதில் வந்தது, தேர்வாகவில்லை என்று. ஏன் என்று கேட்டு மறுபடி எழுதினேன், யாரும் பதில் போடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே. போட்டார்கள். இரண்டே வரி. "உங்கள் கடிதத்தில் உங்கள் மனசைப் பற்றி நிறைய இருக்கிறது. நாங்கள் யாரோடு வேலை செய்கிறோமோ அந்த மனிதர்கள் அதில் எங்கேயும் இல்லை."

கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி படித்தபோது அவர்கள் சொன்னது சரி என்று தெரிந்தது. அந்தக் கடிதத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. கண்ணீர் இருந்தது, அது யாருடைய கண்ணீர் என்று இல்லை.

இதில் எனக்கு இன்றும் உறுத்துவது என்னவென்றால், எழுதுவதற்கு என்னிடம் விஷயம் இருந்தது. என் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் பல நேரங்களில் பேச்சு அடிபடும், ஆனால் மற்றவர்கள் சொல்வது புரிந்துகொண்டுதான் இருக்கலாம், வெளியே சொல்லத்தான் வராது. தாத்தாவுக்கு அப்படித்தான். இரண்டு வருடம் காலையில் அவரைத் தயார்படுத்துவது என் பொறுப்பு. தினமும் ஒரே நீலச்சட்டையை எடுப்பேன், அதில்தான் பொத்தான்கள் பெரிதாக இருக்கும், எனக்கு வேலை சீக்கிரம் முடியும். அவர் கையால் தள்ளுவார். நான் அதை நோயின் எரிச்சல் என்று நினைத்தேன். ஒரு வாரம் அப்படியே போனது. ஒருநாள் வேறு எதையோ தேடுவதற்காக அலமாரியை முழுதாகத் திறந்தபோது அவர் கையை நீட்டி ஒரு கோடுபோட்ட சட்டையைக் காட்டினார். அதைப் போட்டுவிட்டேன், தள்ளவில்லை. அன்றிலிருந்து முதலில் அலமாரியைத் திறந்து வைப்பேன், அவர் காட்டுவதை எடுப்பேன், பொத்தான் போட ஐந்து நிமிடம் கூட ஆகும், ஆகட்டும்.

முதல் கடிதத்தில் இதை நான் எப்படி எழுதியிருந்தேன் தெரியுமா? 'குடும்பத்தில் நோயாளியைப் பராமரித்த அனுபவம் உண்டு.' அவ்வளவுதான்.

எட்டு மாதம் கழித்து அதே நிறுவனத்தில் மறுபடி ஆள் எடுத்தார்கள். இந்த முறை சட்டைக் கதையை எழுதினேன். ஒரு வாரம் தப்பாகப் புரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதினேன், அதை எழுதத்தான் தயக்கமாக இருந்தது. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள்.

இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படிக்கும்போது நான் தேடுவது இதைத்தான். 'பொறுமைசாலி', 'அன்பானவர்', 'குழுவாக வேலை செய்யக்கூடியவர்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள், எழுதினால் தப்பில்லை, ஆனால் அதிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு மனிதர் உங்களிடம் ஏதோ ஒரு விதத்தில் 'வேண்டாம்' என்று சொன்னார், வாயால் சொல்லாமல்கூட இருந்திருக்கலாம், அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? அதை எழுதுங்கள். அது இந்தத் துறை அனுபவமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், திக்கிப் பேசும் வாடிக்கையாளர் சொல்லி முடிக்கும்வரை வரிசையில் பின்னால் இருந்தவர்களைக் காக்கவைத்ததை எழுதியிருந்தார். அந்த ஒரு பத்திக்காகவே அவரைக் கூப்பிட்டோம்.

வேலை அறிவிப்பில் 'கட்டாயம் வேண்டியவை', 'இருந்தால் நல்லது' என்று இரண்டு பட்டியல் இருக்கும். முதல் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு உதாரணம் கொடுங்கள், அதே வரிசையில். குழுவில் இருப்பவர்கள் அதை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள், பல இடங்களில். இரண்டாவது பட்டியல் முழுதாக இல்லையே என்று விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

சரி, இன்டர்வியூவுக்கு வருகிறேன்.

மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் சக்கர நாற்காலியில் இருந்தார். முதல் கேள்வியை அவர்தான் கேட்டார். நான் பதில் சொன்னேன், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து. ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "கேள்வி கேட்டது நான்தான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன குரல் அது. மன்னிப்புக் கேட்டுவிட்டு அவரைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

அப்புறம் அவர் கேட்ட கேள்வி இது: "நீங்கள் உதவப்போகிறவருக்கு 52 வயது. சிகரெட் பிடிப்பார். கைநடுக்கம் இருப்பதால் தானாகப் பற்றவைக்க முடியாது. பற்றவைக்கச் சொல்லி உங்களிடம் கேட்கிறார். என்ன செய்வீர்கள்?"

உடம்புக்குக் கெடுதல் என்று எடுத்துச் சொல்வேன் என்றேன்.

"52 வயதில் அது அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு, பற்றவைத்துக் கொடுப்பேன், சாம்பல் உடையில் விழுந்தால் ஆபத்து என்பதால் பக்கத்திலேயே இருப்பேன், மடியில் ஏதாவது விரித்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேட்பேன், புகை எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் அதை முன்னாலேயே நிறுவனத்திடம் சொல்லியிருப்பேன் என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

இந்தக் கேள்விக்கு மனப்பாடமாக ஒரு விடை கிடையாது. சில நிறுவனங்களில் பணியாளர் புகைக்கு ஆளாவதைப் பற்றித் தனி விதிகளே உண்டு. தான் செய்வதன் விளைவு அவருக்குப் புரிகிறதா என்று சந்தேகம் இருந்தால் அது வேறு பேச்சு, அப்போதும் அவருக்குப் புரியும் விதத்தில் விளக்கி, அவர் முடிவெடுக்க உதவுவதுதான் முதல் படி. முடிவை நாம் எடுத்துக்கொடுப்பது முதல் படி இல்லை. ஆனால் குழு கவனிப்பது நீங்கள் எங்கே தொடங்குகிறீர்கள் என்பதை. அவருடைய விருப்பத்திலிருந்தா, உங்கள் பயத்திலிருந்தா?

1972-இல் ராபர்ட் பெர்ஸ்கே என்பவர் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பற்றி எழுதும்போது, ஆபத்தைச் சந்திப்பதிலும் ஒரு கண்ணியம் இருக்கிறது என்றார். எல்லா ஆபத்தையும் நீக்கிவிட்டால் அந்த மனிதரின் வாழ்க்கையையே சேர்த்து நீக்கிவிடுகிறோம் என்ற அர்த்தத்தில். அதே 1972-இல்தான் கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் சுயசார்பு வாழ்வு மையம் ஒன்றை மாற்றுத்திறனாளிகள் தாங்களே தொடங்கினார்கள். அதில் முக்கியமானவர் எட் ராபர்ட்ஸ். 14 வயதில் போலியோ வந்து கழுத்துக்குக் கீழே பெரும்பாலும் அசைவில்லாமல் போனவர், தூங்கும்போது மூச்சுவிட உதவும் 'இரும்பு நுரையீரல்' என்ற இயந்திரம் வேண்டும். 'இவரால் வேலை எதுவும் செய்ய முடியாது' என்று சொல்லிப் படிப்புச் செலவைத் தர மறுத்தது அந்த மாநிலத்தின் மறுவாழ்வுத் துறை. 1970-களின் நடுவில் அதே துறைக்கு அவர் இயக்குநரானார். இதை நான் புதிதாக வேலைக்கு வரும் எல்லாரிடமும் சொல்வேன், ஏனென்றால் அவரும் அவருடைய நண்பர்களும் வற்புறுத்தியது நம் வேலையைப் பற்றித்தான்: உதவியாளரைத் தேர்ந்தெடுப்பதும் வேலை சொல்லிக்கொடுப்பதும் தேவைப்பட்டால் நிறுத்துவதும் உதவி பெறுபவருடைய உரிமை. டாக்டருடையதும் இல்லை, அம்மா அப்பாவுடையதும் இல்லை.

இன்று அதற்கு ஐ.நா. உடன்படிக்கை இருக்கிறது. 2006 டிசம்பர் 13 அன்று ஏற்றுக்கொள்ளப்பட்டு 2008 மே 3 முதல் அமலில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை. இன்டர்வியூவுக்கு முன் முழுதாகப் படிக்க நேரமில்லை என்றால் 12, 19, 27 ஆகிய மூன்று பிரிவுகளையாவது படித்துவிட்டுப் போங்கள். சட்டத்தின் முன் சமம், யாரோடு எங்கே வாழ்வது என்று தானே தேர்ந்தெடுப்பது, வேலை செய்யும் உரிமை. உலகத்தில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இத்தனை பேரைப் பற்றியா நாம் 'பாவம்' என்ற ஒரே சொல்லில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

சொற்களைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், தமிழில் இது நமக்கே உரிய சிக்கல். 'சக்கர நாற்காலியில் முடங்கியவர்' என்று எழுதாதீர்கள். அவர் முடங்கவில்லை, அந்த நாற்காலியில்தான் வெளியே போய்வருகிறார். 'அவதிப்படுபவர்', 'பாதிக்கப்பட்டவர்' இரண்டையும் தவிர்க்கலாம். 'மாற்றுத்திறனாளி' என்பது மரியாதையான சொல்லாக நிலைத்துவிட்டது, நானும் அதைத்தான் எழுதுகிறேன், ஆனால் 'எனக்கு மாற்றுத் திறன் எதுவும் கிடையாது, எனக்கு வேண்டியது சாய்தளம்' என்று என்னிடமே ஒருவர் சொல்லியிருக்கிறார். அவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படியே சொல்லுங்கள். இதையெல்லாம்விடப் பெரியது 'அவன்', 'அவள்'. அறிவுசார் குறைபாடு உள்ள நாற்பது வயதுக்காரரை 'வாடா கண்ணா', 'இவன் ரொம்ப சமத்து' என்று பேசுவது நம்மிடம் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது! அதே வயதில் பக்கத்து மேசைக்காரரை அப்படிக் கூப்பிடுவோமா? விண்ணப்பத்தில் ஒருவரைப் பற்றி எழுதும்போது 'அவர்' என்று எழுதுங்கள். இன்டர்வியூவில் ஐம்பது வயதுக்காரரைப் பற்றி 'அந்தப் பிள்ளை' என்று பேசியதால் நல்ல அனுபவம் உள்ள ஒருவரை நாங்கள் எடுக்கவில்லை. குழுவில் இருந்த ஒருவர் வாழ்நாள் முழுக்க அப்படிக் கூப்பிடப்பட்டவர்.

உடம்பு சார்ந்த வேலைகளைப் பற்றி உங்களிடம் நீங்களே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குளிப்பாட்டுவது, கழிவறைக்கு உதவுவது, மாதவிடாய் நாட்களில் உதவுவது, படுக்கையில் திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் பல பணிகளில் தினசரி வேலை. முதல் மாதத்திலேயே விட்டுப்போகிறவர்களில் நிறையப் பேர் இதை முன்னால் யோசிக்காதவர்கள்தான். முடியாது என்றால் அது குற்றமில்லை, அலுவலகம், நிதி திரட்டல், வேலைவாய்ப்பு ஆலோசனை, போக்குவரத்து என்று அதே நிறுவனத்தில் வேறு வேலைகள் உண்டு. ஆனால் சேர்ந்தபிறகு முகம் சுளித்தால் அந்தச் சுளிப்பைப் பார்ப்பவர் அங்கே உடையில்லாமல் படுத்திருக்கும் மனிதர். அது மட்டும் நடக்கவே கூடாது.

திறமைகள் பெரும்பாலும் சேர்ந்தபிறகு கற்றுக்கொடுப்பார்கள். தூக்கும் கருவியை எப்படி இயக்குவது, படுக்கைப் புண் வராமல் எப்படிப் பார்ப்பது, மருந்து கொடுத்ததை எப்படிப் பதிவது. வலிப்பு வந்தால் வாயில் எதையும் வைக்கக் கூடாது, கையில் சாவி கொடுக்கக் கூடாது, அழுத்திப் பிடிக்கக் கூடாது, நேரத்தைக் குறித்துக்கொண்டு தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும், அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு போனால் நல்லது, தெரியாவிட்டாலும் தெரியாது என்று சொல்லலாம்.

காகித விஷயம்: அடையாளச் சான்று, பழைய வேலையிடத்திலிருந்து இரண்டு பேருடைய பரிந்துரை, போலீஸ் சரிபார்ப்பு. சரிபார்ப்பு வரப் பல வாரம் ஆகலாம், அதற்குள் இருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள். பழைய வழக்கு ஏதாவது இருந்தால் அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். நடுவில் வேலை இல்லாத வருடங்கள் இருந்தால் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள், கேள்வி வரும்.

உங்களுக்கே குறைபாடு இருந்தால், இன்டர்வியூவுக்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்று முன்னாலேயே கேளுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளர், எழுத்தில் கேள்விகள், கூடுதல் நேரம், மாடி ஏறத் தேவையில்லாத அறை. இதைக் கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனமே இதற்குத் தயங்கினால், அந்த இடத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

கடைசியில் 'உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா' என்பார்கள். கேளுங்கள், தயவுசெய்து. நிர்வாகக் குழுவில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்? இரவு ஷிஃப்டில் தனியாக இருப்பேனா, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது? முதல் சில ஷிஃப்டுகளில் அனுபவம் உள்ளவரோடு சேர்த்து அனுப்புவீர்களா? உதவி பெறுபவர் என்மேல் புகார் சொன்னால் யார் கேட்பார்கள், நான் நிறுவனத்தின்மேல் புகார் சொன்னால்?

அப்புறம் சம்பளம். இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான் சேருவதற்கு முன் வேறொரு இடத்தில் ஒரு வாரம் சோதனையாக வேலை பார்த்தேன். கூடுதல் நேரத்துக்குப் பணம் உண்டா என்று கேட்டபோது, "இதை வேலை என்று நினைத்தால் இங்கே வராதீர்கள், இது சேவை" என்றார்கள். அங்கே ஆறு பேருக்கு ஒருவர் என்று இரவுப் பணி பார்த்தார்கள். திருப்பிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டிய ஒருவரை ஒரே ஆள் திருப்பினார், அவருக்கு இடுப்பு போனது, படுத்திருந்தவருக்குப் புண் வந்தது. என் முதல் கடிதத்தில் ஏழு முறை எழுதிய அதே சொல்தான். அன்றைக்குத்தான் எனக்கு அந்தச் சொல்மேல் இருந்த பிரியம் விட்டது. உதவி பெறுபவரை அது நன்றிக்கடன் பட்டவராக்குகிறது, வேலை செய்பவரைக் கேள்வி கேட்காதவராக்குகிறது. சம்பளம் ஒழுங்காக இருக்கும் இடத்தில் ஆட்கள் நிற்கிறார்கள், ஆட்கள் நின்றால்தான் ஒருவருக்குத் தன் உடம்பைப் பற்றி மாதத்துக்கு ஒரு புதியவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டிய நிலை இல்லாமல் இருக்கும்.

வரும் வியாழக்கிழமை மறுபடி இன்டர்வியூ வைத்திருக்கிறோம். குழுவில் இந்த முறையும் எழுத்துப் பலகையில் விரலால் தொட்டுப் பேசும் ஒருவர் இருக்கிறார், எடுக்கப்போகும் ஆள் அவருக்குத்தான். போன முறை அவருடைய முதல் கேள்வி முடிய நான்கு நிமிடம் ஆனது. வந்தவர்களில் ஒருவர் மூன்றாவது எழுத்திலேயே ஊகித்துப் பதில் சொல்லத் தொடங்கினார், ஊகம் தப்பு. ஒருவர் என்னைப் பார்த்து 'என்ன கேட்கிறார்?' என்றார். ஒரு பெண் மட்டும் நாற்காலியை நகர்த்திப் பலகை தெரியும் பக்கமாகப் போட்டுக்கொண்டு, ஊகிக்கட்டுமா வேண்டாமா என்று அவரிடமே கேட்டார். வேண்டாம் என்றார். அந்தப் பெண் நான்கு நிமிடமும் பலகையையும் அவர் முகத்தையும் பார்த்தபடி காத்திருந்தார். அவர்தான் இப்போது செவ்வாயும் வெள்ளியும் காலை ஷிஃப்டில் இருக்கிறார்.